கடைமதகுக் கடிகாரம்

புன்னவெளிக் கடைமதகுப் பெட்டி பதினோரு நாளாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது என்று தஞ்சாவூர் ஆபீசில் இருந்த செம்மொழியின் கைபேசிக்குப் புகார் வந்தது. மற்ற ஊர்ப் புகார் என்றால் முகத்தைச் சுளிப்பவள், இதற்கு மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பிறந்த ஊருக்குப் போவதற்கு ஆபீசே பஸ் காசு கொடுத்து அனுப்புவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? பொங்கல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அண்ணி சுட்ட அதிரசம் டப்பாவில் இன்னும் நாலைந்தாவது மிச்சம் இருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

புன்னவெளி கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கும் கடைமடை ஊர். மேட்டூரில் புறப்படும் தண்ணீர் அங்கே வந்து சேருவதற்குள் பாதி களைத்துப்போய்விடும். அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவது சாத்தன் வாய்க்கால். வாய்க்காலுக்குத் தலைமதகு, நடுமதகு, கடைமதகு என்று மூன்று. போன ஆவணியில் பாசன சங்கத்தார் பழைய மரப்பலகைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றுக்கும் மோட்டார் வைத்த இரும்புக் கதவு போட்டார்கள். கதவுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் ஒரு கடிகாரமும். தண்ணீர் குறைந்து முறை வைத்துப் பாய்ச்சுகிற நாட்களில் பெட்டியே தன் கடிகாரத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும், நேரம் முடிந்ததும் மூடும். அந்தப் பெட்டிகளைச் செய்து கொடுத்த கம்பெனியில்தான் செம்மொழிக்குப் பழுது பார்க்கிற வேலை.

புகாரில் இரண்டு விஷயம் இருந்தது. கடைமதகுப் பெட்டிக்குத் தொடர்பு இல்லை. அது கடைசியாகப் பேசிய அன்று, அதன் கடிகாரம் மற்ற இரண்டைவிட ஒரு மணி இருபது நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சிம் கார்டு வழியாகச் சரியான நேரத்தைத் தானே வாங்கிக்கொள்கிற கடிகாரம் அது. தொடர்பு போனால் நேரமும் கெடும், இரண்டும் ஒரே சீக்குதான் என்று செம்மொழி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே முடிவு கட்டிவிட்டாள்.

கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டில் அரசப்பன் டி.வி.எஸ். வண்டியோடு நின்றான். மூன்று மதகுக்கும் காவலாள் அவன்தான். சங்கத்தில் சம்பளம். செம்மொழியும் அவனும் அஞ்சாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. பொதுவில் 'மேடம்' என்பான், ஊர் எல்லை தாண்டியதும் பழைய பேச்சு வந்துவிடும்.

"வாங்க மேடம். பெட்டி டாக்டர் வந்துட்டாங்கன்னு ஊரே காத்துக் கெடக்கு."

"கிண்டல் வேண்டாம்டா. சோறு போட ஆள் காத்துக் கெடக்கா, அதச் சொல்லு."

"ஒங்க அண்ணி நண்டு புடிச்சி வச்சிருக்காங்க. மொதல்ல மதகப் பாத்துட்டுப் போவமா, இல்ல சாப்ட்டுட்டா?"

"நண்டுன்னு சொல்லிட்டு இப்புடி ஒரு கேள்வி கேக்கலாமா?"

வண்டி வாய்க்கால் கரையோடு போனது. தை வெயில் உறைக்காமல் இருந்தது. இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. மேலே இருக்கிற வயல்களில் கதிர் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. கீழே போகப் போகப் பச்சை கூடிக்கொண்டே வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருவதால் நடவும் கடைசி, விளைச்சலும் கடைசி. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இந்தக் கரையில் எத்தனை நாவல் மரம் இருந்தது என்று செம்மொழி எண்ணிப் பார்த்தாள். ஏழு வரை நினைவு வந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சண்டை நினைவு வந்து கணக்கு தப்பிவிட்டது.

அண்ணன் வீரையன் வீட்டுக்குப் போனதும் அம்சம் அண்ணி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நேரே இலையைப் போட்டாள். வயல் நண்டை இடித்துப் போட்ட ரசமும் குறவை மீன் குழம்பும். அப்படி ஒரு நண்டு ரசம் தஞ்சாவூரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று செம்மொழி மூன்றாவது முறை ஊற்றிக்கொள்ளும்போது சொன்னாள்.

"நல்லா சாப்டு," என்றாள் அம்சம். "இந்த வருசம் நண்டுக்கே வாய்க்கால்ல தண்ணி இல்ல. எங்கேருந்தோ தேடிப் புடிச்சாந்தேன்."

வீரையனுக்கு ஐம்பது வயது. பேச்சு குறைவு. அவன் கையில் ஒரு கதிர் இருந்தது. ஒரு மணியைக் கிள்ளித் தங்கையிடம் காட்டினான். வெள்ளையாகப் பால் கசிந்தது.

"பால் புடிச்சிட்டு பாப்பா. இன்னும் ஒரே ஒரு தண்ணி. வர்ற சனிக்கெழம நம்ம மொற. அது ஏறிட்டா மிச்சத்தப் பனியே பாத்துக்கும்."

"அதுக்கு அடுத்த மொற எப்ப?"

"அடுத்த மொறயா? இருவத்தெட்டாந் தேதி மேட்டூர மூடிடுவான். இதான் கடைசித் தண்ணி. வாங்காட்டி அவ்வளவும் பதரு."

மூன்று மா நிலம், ஓர் ஏக்கர். அவர்களுடைய அம்மா முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கடைசியில் வாங்கியது. அவளுக்குக் கிடைத்ததும் கடைமதகுப் பாசனத்தின் கோடியில் இருக்கிற நிலம்தான். அதற்கு மேல் இருக்கிற நாலு குடும்பத்து வயலும் குடித்த பிறகுதான் அதற்குத் தண்ணீர். ஆனாலும் அம்மா வரப்பில் நின்று அதைப் பார்க்கிற பார்வை செம்மொழிக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

சாப்பிட்ட கையோடு கடைமதகுக்குப் போனாள். அரசப்பன் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான். பேட்டரியில் மின்சாரம் சரியாக இருந்தது. சிம் கார்டை எடுத்துத் தன் கைபேசியில் போட்டுப் பார்த்தாள், சிக்னல் நன்றாகக் கிடைத்தது. ஆக, சிம்மும் பழுதில்லை. பிறகு பெட்டிக்கு மேலே இருக்கும் ஆண்டெனாவின் ஒயரைத் தொட்டாள். திருகு மறை முழுக்கக் கழன்று ஒயர் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

"காக்கா வந்து ஒக்காருமோ இதுல?"

"ஆமா, காக்கா வரும்," என்றான் அரசப்பன்.

திருகு மறையைச் சுற்றிச் சுற்றிக் கழற்றுகிற காக்கை எந்த ஊரில் இருக்கிறது என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நண்டு ரசம் யோசிக்க விடவில்லை. ஒயரை இறுக்கினாள். பெட்டியின் சிவப்பு விளக்கு நாலு தடவை சிமிட்டிவிட்டுப் பச்சையானது. பதினொன்று ஐந்து என்று காட்டிக்கொண்டிருந்த கடிகாரம் ஒரே தாவாகப் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வந்து நின்றது.

"பாத்தியா! மூணு பெட்டியும் இப்ப ஒரே நேரம். ஒரு செகண்ட் வித்தியாசம் கெடையாது." செம்மொழி கைதட்டினாள்.

அரசப்பன் தலையைச் சொறிந்தான். "செம்மொழி, அது பாட்டுக்கு முன்ன மாதிரியே இருந்துட்டுப் போவட்டுமே. கதவு தொறந்து மூடிக்கிட்டுதானே இருந்துச்சி."

"ஒரு வாய்க்காலுக்கு ரெண்டு நேரமா? என்னடா பேசுற? நடுமதகுல பத்து மணின்னா இஞ்சயும் பத்து மணிதான் இருக்கணும்."

"அதுக்கில்ல..."

"நான் எதுக்குப் படிச்சிட்டு வந்துருக்கேன்?"

அவன் பெட்டியைச் சாத்திப் பூட்டினான். அவள் அதிரசப் பொட்டலத்தோடு மாலை பஸ் ஏறினாள். அரசப்பன் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து விட்டான், வழியெல்லாம் பேசாமலே வந்தான். வயிறு நிறைந்திருந்த செம்மொழிக்கு அதுவும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை தஞ்சாவூரில் இருந்தபடியே கைபேசியில் பார்த்தாள். காலை பத்துக்கு நடுமதகு திறந்து தண்ணீரைக் கீழே விட்டது. அதே பத்துக்குக் கடைமதகும் திறந்தது. பகல் ஒரு மணிக்கு இரண்டும் மூடின. மூன்று விளக்கும் பச்சை. மேலதிகாரி ரெங்கசாமிக்கு அதை அப்படியே படம் எடுத்து அனுப்பி, அவரிடமிருந்து ஒரு கட்டைவிரலும் வாங்கினாள்.

ஒன்றரை மணிக்கு அம்சத்திடமிருந்து போன் வந்தது.

"நம்ம வயலுக்குத் தண்ணி வரல செம்மொழி."

"என்ன அண்ணி சொல்றீங்க? மூணு மணி நேரம் தொறந்துருந்துச்சே!"

"தொறந்துருந்துச்சி. மேல இருக்குற நாலு வயலும் ஏதோ நனைஞ்சிட்டு. நம்ம வரப்ப நெருங்குறப்ப கதவு மூடிட்டு. வந்துகிட்டுருந்த தண்ணியெல்லாம் அந்தாண்ட பிரியுற வாய்க்கால்ல பக்கத்து ஊரு நாவல்திடலுக்குப் போயிட்டு. அரசப்பன் அவங்ககிட்ட தண்ணிய வித்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. ஒங்க அண்ணன்... ஒங்க அண்ணன் அவன அறைஞ்சிட்டாரு."

"அண்ணனா?"

"நாலு பேரு பாக்க. மதகு மேலயே. நாளைக்கிக் காலையில சங்கத்துல கூட்டம் போட்டு அவன வேலைய விட்டு எடுக்கப் போறாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. வயலப் பாத்தாதான் வயிறு எரியுது."

வீரையன் யார் மேலும் கை நீட்டிச் செம்மொழி பார்த்ததில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

பஸ் திருவாரூர் தாண்டும்போது ரெங்கசாமி அழைத்தார். "செம்மொழி, சங்கத்துச் செயலாளர் பேசினாரு. நம்ம பெட்டி கரெக்டா வேல செஞ்சிருக்கு, பதிவு இருக்கு. தப்பு ஆளோடதுன்னு நாளைக்கி அறிக்கை குடுத்துட்டு வந்துருங்க. அதுக்கு மேல நமக்கு அதுல பேச்சு இல்ல."

"சரிங்க சார்," என்றாள். அந்த நேரத்தில் அவளும் அதையேதான் நம்பினாள்.

நாலு மணிக்குக் கடைமதகின் சுவரில் உட்கார்ந்து பெட்டியின் பதிவுகளைத் திறந்தாள். கதவு திறந்தது பத்து மணி, பூஜ்யம் நிமிஷம், பூஜ்யம் செகண்ட். மூடியது ஒரு மணி, பூஜ்யம், பூஜ்யம். யாரும் கை வைக்கவில்லை. அப்படியானால் விற்றது யார்? கதவுக்கு முன்னால் தண்ணீரின் உயரத்தை அளக்கும் மிதவை ஒன்று உண்டு. அதன் கணக்கை எடுத்தாள். பத்து மணிக்குத் தண்ணீர் இல்லை. பத்தரைக்கும் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. பதினொன்று இருபத்தொன்றுக்குத்தான் மிதவை அசைந்திருந்தது.

கதவு திறந்து ஒரு மணி இருபது நிமிஷம் வெறும் காற்றைத்தான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு தண்ணீர் வந்து ஓட ஆரம்பித்து, நடுமதகு அதற்காக விட்ட தண்ணீரின் கடைசிப் பங்கு இன்னும் வழியில் இருக்கும்போதே, ஒரு மணி ஆகிவிட்டது என்று மூடிக்கொண்டது. நடுமதகிலிருந்து கடைமதகு ஒன்றரை மைல். தண்ணீர் நடந்துதான் வர வேண்டும்.

செம்மொழி கைபேசியை மடியில் வைத்தாள். அம்மா தன்னையும் அண்ணனையும் நடுமதகுக்கு அனுப்பியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முறை நாள் என்றால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். மதகுப் பலகையைத் தூக்கியதும் காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையும் சருகுமாக முன்னே வரும். அதன் தலையோடு கூடவே இருவரும் கரையில் நடப்பார்கள். சருகு அடைத்தால் இறங்கித் தள்ளிவிட வேண்டும், நண்டு வளை குடித்தால் களிமண் வைத்து அடைக்க வேண்டும். அண்ணன் தண்ணீரோடு பந்தயம் ஓடுவான், தண்ணீர் எப்போதும் தோற்கும். அது வந்து கடைமதகுக் கல்லைத் தொடுகிறவரை மதகுக்காரர் வாட்ச்சைப் பார்க்கவே மாட்டார், பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொட்ட பிறகுதான் முறைக்கு நேரம் ஓட ஆரம்பிக்கும். அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. ஒருவரும் அதை எழுதி வைக்கவில்லை, பெட்டி வைக்க வந்தவர்களும் கேட்கவில்லை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெளியூர்க்காரர்கள் தெரியாமல் செய்தார்கள் என்றால் சரி. தன் காலால் அந்தக் கரையில் தண்ணீரோடு நடந்தவள் ஒருத்தி, மூன்று கடிகாரத்தையும் ஒன்றாக்கிவிட்டுக் கைதட்டியிருக்கிறாள். படிப்பின் மேல் பழியைப் போட முடியாது. மறந்தது அவள்தான்.

அரசப்பன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்தும் வலையைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க மேடம். அறிக்கை எழுத வந்தீங்களா?"

"ஒயரக் கழட்டுனது நீதானே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"ஆமா."

"கடியாரத்தப் பின்னாடி தள்ளி வச்சதும் நீதான்."

"வேற யாரு வருவா? மார்கழியில மொத மொற வைக்கிறப்பவே பாத்தேன். தண்ணி வர்றதுக்கு முன்ன தொறக்குது, வர்றப்ப மூடுது. அன்னிக்கி மழ பேஞ்சிட்டு, அதனால யாருக்கும் தெரியல. பொறவு நான் முன்னால இருக்குற பொத்தான அமுக்கிப் பாத்து நேரத்த ஒன்னே காமணிக்கு மேலயே கொறச்சி வச்சேன். ஒரு மணி நேரத்துல அதுவே பழையபடி சரியாயிட்டு. மறுபடி கொறச்சேன், மறுபடி சரியாயிட்டு. எங்கேருந்தோ கேட்டுகிட்டு வருதுன்னு புரிஞ்சிது. காத கழட்டி விட்டேன். அதுக்குப் பொறவு ரெண்டு மொற ஒங்க அண்ணன் வயலு வரைக்கும் தளும்பத் தளும்பப் போச்சி. அவரக் கேட்டுப் பாரு."

"ஏன்டா அன்னிக்கே சொல்லல? காக்கான்னு சொன்னியே!"

"நீதான் காக்காவான்னு கேட்ட. நான் ஆமான்னேன்." அவன் சிரிக்கவில்லை. "பெட்டியத் தொட்டா வேல போயிடும்னு என்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க. இருந்தாலும் ஒன்கிட்ட சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். ஆரம்பிச்சேன். நீ எதுக்குப் படிச்சேன்னு கேட்ட. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

செம்மொழி வலைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணன் அடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, திருடலன்னு தெரியும். ஆனா பெட்டியக் கெடுத்தவன்னு வேல போயிடும். சொல்லாட்டி திருடன்னு போவும். எப்புடியும் போவப்போறதுக்கு எதுக்கு வாயத் தொறக்கணும்? அதுவுமில்லாம..." ஊசி நின்றது. "தங்கச்சிதான் பண்ணுச்சின்னு அவருக்கு நான் எப்புடிச் சொல்லுவேன் செம்மொழி? ஒன்னப் பத்தி ஊரெல்லாம் பெருமையடிக்கிற மனுசன்."

அவள் அழுதாள். அவன் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, "டீ போடச் சொல்லட்டா?" என்று கேட்டான்.

மறுநாள் கூட்டம் சங்கக் கொட்டகையில். செயலாளர் கல்யாணம் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகப் பேசுகிறவர். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நாவல்திடலின் சார்பில் குந்தவை வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மா பயிர் வைத்திருப்பவள், அந்த ஊர்த் தண்ணீர்ப் பங்கீடு அவள் பொறுப்பு. அரசப்பன் தூணோரம் நின்றான். வீரையன் அவனைப் பார்க்காமல் எதிர்மூலையில் நின்றான். செம்மொழி வந்ததிலிருந்து அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் ஒரே தடவைதான் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கம்பெனி அறிக்கைய வாசிச்சுடுங்கம்மா," என்றார் கல்யாணம். "மேற்கொண்டு அதை வச்சுப் பேசலாம்."

"அறிக்கை எழுதல சார். வாயால சொல்றேன். அரசப்பன் தண்ணிய விக்கல. யாரும் கதவத் தொடல. தப்பு என்னோடது."

கொட்டகையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் முழுவதையும் சொன்னாள். கடைமதகுக் கடிகாரம் பின்னால் ஓடியதையும், தான் வந்து அதைச் சரி செய்ததையும், பத்து மணிக்குத் திறந்த கதவுக்குப் பதினொன்று இருபத்தொன்றுக்குத் தண்ணீர் வந்ததையும் சொன்னாள்.

"அப்ப அந்தக் கடியாரத்த முதல்ல கெடுத்து வச்சது யாரு?" என்றார் கல்யாணம்.

செம்மொழி தூணைப் பார்த்தாள். அரசப்பன் தலையசைத்தான்.

"அரசப்பன்தான் சார். ஆனா கெடுத்து வைக்கல. அவரு வச்ச மணிதான் சரி. நான் வச்சதுதான் தப்பு. தண்ணி வந்து கல்லத் தொட்ட பொறவுதான் மொற ஆரம்பிக்கும்னு இஞ்ச இருக்குற அத்தன பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் மறந்துட்டேன்."

பின்னால் ஒருவர், "பெட்டியத் தொடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுருக்கானே," என்றார்.

"போட்டாரு. எங்க கம்பெனி தப்பான அட்டவணைய வச்சிட்டு அதத் தொடாதேன்னு கையெழுத்து வாங்குனது இன்னொரு தப்பு. அதையும் எழுதித் தர்றேன்."

வீரையன் அசையாமல் நின்றான். தங்கையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவன் முகம் எப்படிக் கறுத்தது என்பதை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள். அம்சம்தான் பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள்.

"தப்பு யாருதுன்னு பேசி முடிச்சிட்டீங்க. சரி. என் மூணு மா காஞ்சிகிட்டு கெடக்கு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

செம்மொழியால் அண்ணியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. குந்தவைதான் தொண்டையைக் கனைத்தாள்.

"நேத்து மத்தியானம் எங்க பக்கம் எதிர்பாக்காத தண்ணி வந்துச்சி. நல்ல காலம்னு நாங்களும் கம்முன்னு பாச்சிக்கிட்டோம். யாருதுன்னு கேட்டிருக்கணும், கேக்கல. நாளைக்கி எங்க மொற. காலையில ஆறுலேருந்து. மொத ஒன்னர மணி நேரத்த புன்னவெளியே எடுத்துக்கட்டும்." எல்லாரும் அவளையே பார்த்தார்கள். "ஆனா ஒண்ணு. பெட்டிய நம்பித் தரமாட்டேன். ஆளு நிக்கணும்."

"எந்த ஆள்?" என்றார் கல்யாணம்.

"இத்தன நாளா யாரு நின்னுச்சோ, அதே ஆளுதான்."

கல்யாணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரசப்பன் வேலையில் தொடரட்டும் என்றும், கடைமதகுக்கு அட்டவணை வேண்டாம், தண்ணீர் வந்ததும் அவன் கையால் திறக்கட்டும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். செம்மொழி அங்கேயே உட்கார்ந்து கடைமதகுப் பெட்டியை அட்டவணையிலிருந்து விடுவித்தாள். அரைமணி நேரத்தில் ரெங்கசாமி அழைத்தார். அவர் பேசியதை எழுதினால் நன்றாக இருக்காது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தன்னை வந்து பார்க்கச் சொன்னார், கடைமதகில் தனக்கு வேலை இருக்கிறது என்றாள், அப்படியானால் விளக்கம் எழுதிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வா என்றார்.

திங்கட்கிழமை விடிந்தபோது பனி வயலை மூடியிருந்தது. ஆறு மணிக்கு நடுமதகு திறந்தது. செம்மொழி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் நுரையும் சருகுமாகக் காய்ந்த வாய்க்காலில் இறங்க, அவளும் அரசப்பனும் அதன் தலையோடு நடந்தார்கள். ஆகாயத்தாமரை காய்ந்து குவிந்த இடத்தில் தண்ணீர் நின்று யோசித்தது. அரசப்பன் இறங்கிக் கவைக் கம்பால் இழுத்துப் போட்டான். செம்மொழியும் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"ஒரு மணி இருவதுல போயிடுமா?"

"இன்னிக்கா? சனிக்கெழம வந்த தண்ணி சருகையெல்லாம் அங்கங்க குவிச்சிட்டு. எல்லாம் அடச்சிக் கெடக்கு பாரு. நின்னு நின்னுதான் வரும். ஐப்பசியில விட்டா முக்காமணி நேரத்துல வந்துரும். நீ பாட்டுக்கு ஒரு நம்பரப் போட்டுப் பெட்டிக்குச் சொல்லிடாத."

"சொல்லல," என்றாள்.

பாதி தூரத்தில் நாவல் மரம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தண்ணீர் அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. செம்மொழிக்கு மனசு லேசாகி, உடனே அண்ணன் நினைவு வந்து கனத்தது. நேற்று முழுக்க அவன் அவளிடம் பேசவில்லை. சாப்பிடு என்று மட்டும் சொன்னான்.

கடைமதகில் வீரையன் முன்பே வந்து நின்றான், தோளில் மம்முட்டி. அம்சம் வரப்பில் தூரத்தில் நின்றாள். அரசப்பன் மதகுச் சுவரில் ஏறிப் பெட்டியைத் திறந்து பொத்தானில் விரலை வைத்துக்கொண்டான். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நாலடி தூரம் இருந்தது. தண்ணீர் வளைவு திரும்பி வந்தது, சருகைத் தள்ளிக்கொண்டு வந்து கதவின் அடியை முட்டிப் பழுப்பாக எழும்பியது. அரசப்பன் பொத்தானை அழுத்தினான். இரும்புக் கதவு முனகிக்கொண்டே உயர, தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"அரசப்பா," என்றான் வீரையன். "அன்னிக்கி நான்..."

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாம்ணே. ஒன்னர மணி நேரந்தான் குடுத்துருக்காங்க. மேல நாலு வயலுக்கும் மடைய அடைச்சாச்சி. ஓடுங்க, ஒங்க மடையத் தொறங்க."

வீரையன் ஓடினான். ஐம்பது வயது மனுஷன், மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பில் வழுக்கி வழுக்கித் தண்ணீருக்கு முன்னால் ஓடினான். அம்சம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எதிரே ஓடி வந்தாள். செம்மொழிக்குப் பார்வை மங்கியது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள். அரசப்பன் அவள் பக்கம் திரும்பவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பலேருந்து மணி பாத்துக்க செம்மொழி," என்றான். "ஒரு நிமிசம் கொறஞ்சாலும் மூட மாட்டேன்."

அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ஏழு முப்பத்தெட்டு.